உளநல ஆற்றுப்படுத்தலும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இக்கழகம் கடந்த 25 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது என்பதை நமக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். அனுப்பப்பட்ட இடத்தில் அப்பிள்ளைகளின் உள்ளம் என்ன பாடுபடுகிறது, அந்தப் பாட்டில் துணை நிற்க உளவியலார் கண்ட முறை யாது என்பதே நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டில் 'கவுன்சலிங்' என்றதும் பொறியியல் கல்லூரி இடத்திற்கான கவுன்சலிங்தான் பெற்றோர் நினைவுக்கு வருகிறது. தரவரிசைப் பட்டியல், கட்-ஆஃப், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பனவே அங்குப் பேச்சு. நாம் கூறுவது அதுவன்று. 'ஆலோசனை' என்பாரும் உளர். அச்சொல்லில் ஒருவர் சொல்வதும் மற்றவர் தலையாட்டுவதும் அடங்கிவிடுகின்றன. அண்மைக் காலத்தில் 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் வழக்கிற்கு வந்துள்ளது. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கிலும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தித் தான் நடந்து வந்த வழியைக் கூறுகிறான். இனிய சொல்தான், தம்மைப் போன்ற எளியவருக்கு எளியவர் வழிசொல்லும் மரபு அது. ஆயினும் ஊருக்கு வழி சொல்வதைப்போல் உள்ளத்திற்கு வழி சொல்லிவிட முடியுமா? அடுத்தவர் நெஞ்சுக்குள் நாம் நடந்ததில்லையே. இந்த இடர்ப்பாட்டை எதிர்கொண்டு, வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் கார்ல் ரோஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர்.

ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். சமயக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரியில் முதலில் வேளாண்மை பயின்றார்; அதைவிட்டு வரலாறு பயின்றார்; பின்னர் சமயப் பணிக்கென இறையியல் கல்லூரியில் சேர்ந்தார்; அதனையும் விட்டுத் தெரு கடந்து எதிரே இருந்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் உளவியலுக்கு வந்து சேர்ந்தார். இத்தனை முறை பாடம் மாற்றிய பிள்ளையை நம் வீட்டில் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்!

கொலம்பியா என்றதும் நம் நெஞ்சம் நிமிர்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற பல்கலைக்கழகம் அது. அங்கு ஜான் டூயி என்னும் தத்துவப் பேராசிரியரிடம் அண்ணல் பாடம் கேட்டார். அவரைத் தம் ஆசான் எனப் பின்னாளில் நன்றியோடு எழுதினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அங்குச் சென்ற ரோஜர்ஸ், டூயியின் மாணவரான வில்லியம் கில்பாட்ரிக்கின் வகுப்பில் அமர்ந்து அதே கருத்துகளைக் கேட்டார். மனிதர் தம் பட்டறிவிலிருந்தே கற்கின்றனர், மேலிருந்து திணிக்கப்படுவது கல்வியாகாது என்பது டூயியின் கொள்கையின் சாரம். அண்ணல் அதனை ஒரு சமுதாயத்தின் மேல் வைத்துச் சோதித்தார். ரோஜர்ஸ் அதனை ஓர் அறையில் எதிரெதிரே அமர்ந்த இருவர் மேல் வைத்துச் சோதித்தார்.

அவர் முதலில் பணியாற்றியது ராச்செஸ்டர் நகரில், வறுமையாலும் கொடுமையாலும் நலிந்த குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில். அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார். அடங்காத சிறுவன் ஒருவனின் தாய் பலமுறை வந்து பேசினார். தாய் அவனைத் தொடக்கத்திலேயே வெறுத்து ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸ் உறுதியாகக் கருதினார். அதனை அத்தாய்க்கு மென்மையாகப் புரியவைக்கப் பலவாறு முயன்றார். பயன் இல்லை. இனித் தொடர்வதில் பொருளில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டு விடைபெற்றனர். வாசல்வரை சென்ற அப்பெண் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மீண்டும் நாற்காலியில் வந்து அமர்ந்து, தம் இல்லற வாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொல்லிவந்த வரலாற்றுக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை! எது நோகிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும், எதனை ஆழப் புதைத்து வைத்திருக்கிறோம் என்பன வந்தவருக்கே தெரியும் என்பதை அன்று கற்றதாக ரோஜர்ஸ் கூறுகிறார்.

இதிலிருந்து வளர்ந்ததே அவருடைய முறை. 1942இல் வெளிவந்த நூலில் 'நோயாளி' என்ற சொல்லை விலக்கினார். நோயாளி என்றால் மருத்துவர் மேலே, அவர் கீழே என்றாகிவிடுமன்றோ? அந்நூலில் ஒருவரோடு நடத்திய எட்டுச் சந்திப்புகளையும் ஒலிப்பதிவு செய்து, ஒரு சொல்லும் விடாமல் அச்சிட்டார். மூடிய அறையில் என்ன நடக்கிறது என்பதை உலகம் படித்துச் சரிபார்க்கட்டும் என்று திறந்து வைத்தார். 1951இல் எழுதிய நூலில் இம்முறையை 'வந்தவர் மைய' முறை என்றார். பின்னர் பள்ளிக்கும் தொழிற்கூடத்திற்கும் பகைகொண்ட மக்களிடையே பேச்சிற்கும் இதனை விரித்தபோது 'ஆள்மைய அணுகுமுறை' என்னும் பெயர் நிலைத்தது. 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

இம்முறையின் அடிப்படை நம்பிக்கையை விளக்க, தம் சிறுபருவ நினைவு ஒன்றை ரோஜர்ஸ் கூறுவார். குளிர்காலத்திற்காக நிலவறையில் சேமித்து வைத்த உருளைக்கிழங்குகள், மண்ணும் இல்லாமல் நீரும் இல்லாமல் முளைவிடும். வயலில் முளைக்கும் பச்சை முளைகள் போல் இரா. வெளுத்து, மெலிந்து, கோணலாக இருக்கும். ஆயினும் உயரத்தில் இருந்த சிறு சாளரத்தின் வெளிச்சத்தை நோக்கி இரண்டு மூன்று அடி நீண்டு செல்லும். மனநல விடுதிகளில் கோணிக் குலைந்துபோன வாழ்க்கைகளைக் காணும்போதெல்லாம் அம்முளைகள் நினைவுக்கு வருவதாக அவர் எழுதினார். முளையின் கோணலுக்குக் காரணம் நிலவறை. முளையோ அந்த நிலையிலும் தன்னால் இயன்ற வழியில் வளர முயல்கிறது. ஊருக்கு வெளியே, காலனி என்றும் சேரி என்றும் ஒதுக்கப்பட்ட இடங்களிலிருந்து கல்லூரிக்கு வந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

துணை நிற்பவரிடம் இருக்க வேண்டியவை என மூன்றினை அவர் 1957இல் வகுத்துரைத்தார். உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் முதலாவது. முகத்தில் புன்னகையும் உள்ளே சலிப்புமாக அமர்ந்திருப்பவரை வந்தவர் எளிதில் கண்டுகொள்வார். இரண்டாவது நிபந்தனையற்ற மதிப்பு. மூன்றாவது ஒத்துணர்வு, அதாவது அவருடைய உலகத்தை அவர் கண்கொண்டு காணுதல், ஆனால் அதிலேயே மூழ்கித் தம்மை இழந்துவிடாதிருத்தல்.

ஒத்துணர்வை இரக்கத்தோடு சேர்த்துக் குழப்பிவிடல் ஆகாது. இரக்கத்தை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். தள்ளி நின்று கையைத் தாழ்த்தாமல் நீர் ஊற்றியவர்களும் இரக்கப்பட்டே ஊற்றினர். இரங்குபவருக்கு நம்மைப் பற்றிக் கேட்டறிய வேண்டிய தேவை எழுவதில்லை. நம் நிலை தமக்கு முன்பே தெரியும் என அவர் எண்ணுகிறார். ஒத்துணர்பவரோ தமக்குத் தெரியாது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார், ஆகவே கேட்கிறார்.

நிபந்தனையற்ற மதிப்பு என்பதைச் சற்று நின்று நோக்குவோம். குழந்தைக்கு அன்பு வேண்டும். 'இப்படி இருந்தால்தான் நீ நல்ல பிள்ளை' என்று அன்பிற்கு விலை வைக்கப்படும்போது, குழந்தை தன் உண்மை உணர்வை ஒதுக்கிவிட்டுப் பிறர் விதித்த அளவுகோலைத் தன் அளவுகோலாக விழுங்கிக்கொள்கிறது. இதனை 'மதிப்பிற்கான நிபந்தனைகள்' என்றார் ரோஜர்ஸ். அவர் தம் நாட்டுக் குடும்பங்களை நோக்கி இதைச் சொன்னார். நம் நாட்டில் ஒரு முழுச் சமுதாய அமைப்பே இதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. பிறப்பிலேயே மதிப்பு வரையறுக்கப்படுகிறது. எந்த நிபந்தனையை நிறைவேற்றினாலும் அது மாறுவதில்லை. அவ்வளவுகோல் நமக்குள்ளும் புகுந்து, 'எனக்குத் தகுதி இல்லையோ' என்று இரவில் பேசுகிறது.

இனிக் கூறப்போவது மூத்த உறுப்பினர்களுக்குச் சற்றுக் கசக்கலாம். நாமும் நம் பிள்ளைகள்மேல் நிபந்தனை வைக்கிறோம். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று மேடையேற்றி மாலையிடுகிறோம். தெருவே உன்னை நம்பியிருக்கிறது என்கிறோம். அண்ணலைப் போல் படி என்கிறோம். அத்தனையும் அன்பினால்தான். ஆனால் இரண்டு பாடங்களில் தோற்ற பிள்ளை அம்மாலையை எங்கே கழற்றி வைப்பான்? வகுப்பில் ஏளனம், விடுதியில் தனிமை, ஊரிலோ பெருமை. மூன்றுக்கும் நடுவில் தன் உண்மை நிலையைச் சொல்ல அவனுக்கு ஓரிடமும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். முதலாமாண்டு மாணவன் ஒருவன் வந்து, "எனக்கு இந்தப் படிப்பு வராது சார். ஊருக்கே போயிடலாம்னு இருக்கு" என்கிறான். நம்மில் பலர் உடனே என்ன சொல்வோம்? "அப்படியெல்லாம் பேசக்கூடாது தம்பி. உங்க அப்பா வெயில்ல நின்னு வேலை செஞ்சு உன்ன அனுப்பியிருக்காரு." இது அவனுக்குத் தெரியாததா? அந்த எண்ணந்தான் அவன் நெஞ்சை அழுத்துகிறது. இன்னொருவர், "நாங்க படிக்காத கஷ்டமா?" என்பார். அத்துடன் அவன் துன்பம் போட்டியில் தோற்றது. மூன்றாமவர், "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாப் போயிடும்" என்று கதவைச் சாத்துவார். நான்காமவர் எத்தனை மணிக்கு எழுகிறாய், யாரோடு சேருகிறாய் என்று விசாரணை நடத்துவார். எவரும் தீயவர் அல்லர்; அவன் மட்டும் எழுந்து, "சரி சார்" என்று போய்விடுவான்.

ஆள்மைய முறையில் பழகியவர், "போயிடலாம்னு தோணுது. போனா அங்க எப்படி நிக்கிறதுன்னும் இருக்கு, இல்லையா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துகிறார். சிறிது மௌனம். அம்மௌனத்தை அவர் நிரப்புவதில்லை. "ஆமா சார்" என்கிறான் அவன். பின்னர் மெல்ல, "வந்த முதல் நாளே ஒருத்தன் கட்-ஆஃப் எவ்வளவுன்னு கேட்டான் சார்" என்கிறான். இப்போதுதான் பேச்சு தொடங்குகிறது. கட்-ஆஃப் என்ற கேள்வி எதனைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது இந்த அவையில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அன்று முதல் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை, ஐயம் கேட்கவில்லை, ஆகவே பாடம் புரியவில்லை. படிப்பு வராதவன் அல்லன் அவன்; வாய் கட்டப்பட்டவன். இதனை ஆற்றுப்படுத்துநர் சொல்லியிருந்தால் வெறும் தேற்றலாக முடிந்திருக்கும். அவனே தன் வாயால் கோத்துச் சொல்லும்போது அது அவன் கண்டறிந்த உண்மையாகிறது. தொடர்ந்து படிப்பதா, பிரிவை மாற்றுவதா, முறையீடு செய்வதா என்பதையும் அவனே ஆய்ந்து முடிவெடுப்பான். ஊர் திரும்ப முடிவெடுத்தாலும் அவன்மேல் மதிப்புக் குறையாது என்பதுதான் நிபந்தனையற்ற மதிப்பு என்பதன் கடினமான பகுதி.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைத்தனம் என்று இம்முறையைக் கேலி செய்வாரும் உண்டு. அதனை வெறும் உத்தியாகச் சுருக்கியதை ரோஜர்ஸே வெறுத்தார். உள்ளத்தில் மதிப்பில்லாதவர் திருப்பிச் சொன்னால் அது கேலிபோலவே ஒலிக்கும்.

மாணவியர் நிலை இன்னும் நெருக்கடியானது. கல்லூரியில் தாங்கும் இழிவை வீட்டில் சொன்னால், படித்தது போதும் என்று திருமணப் பேச்சைத் தொடங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் எத்தனையோ பெண்கள் வாய்மூடி இருக்கின்றனர். ஆகவே சொன்னது வெளியே போகாது என்ற உறுதி அவர்களுக்கு முதல் தேவை. ஒரே தெருவில் எல்லோரும் உறவினராக வாழும் நம்மிடையே கமுக்கம் காப்பது எளிதன்று. எளிதன்று என்பதால்தான் அதனை விதியாகவே வைக்க வேண்டும்.

இங்கு ஓர் எதிர்ப்பு எழும், எழ வேண்டும். குற்றம் சமுதாயத்தில் இருக்க, அதற்கு மருந்தை நம் பிள்ளையின் மனத்திற்கா தருவது? ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாளும், பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி 2019ஆம் ஆண்டு மே மாதம் மும்பையிலும் உயிர் நீத்தபோது, நாடெங்கும் நம் மக்கள் நீதி கேட்டனர். அவ்விரு தாய்மார்களும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். சாதிக் கொடுமைக்கு உரியது சட்டமும் போராட்டமும். அவ்விடத்தில் கவுன்சலிங் என்று சொல்லி ஒரு நிறுவனம் தப்பித்துக்கொள்ளுமானால் அது ஏமாற்று. 2007இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைப் பற்றி தோரட் குழு அளித்த அறிக்கை, வகுப்பறையிலும் விடுதியிலும் உணவுக் கூடத்திலும் நம் மாணவர் ஒதுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. அங்குத் திருத்தப்பட வேண்டியது மாணவரின் மனமன்று.

ரோஜர்ஸின் முறைக்கே இந்தக் கேள்வி வந்தது. 1977இல் அவர் ஒரு கறுப்பின இளைஞரோடு உரையாடிய படம் ஒன்று உண்டு. இரத்தப் புற்றுநோயிலிருந்து அப்போதைக்கு மீண்டிருந்தவர் அவர். தம் காயத்தையும் சினத்தையும் வெளியிட இயலாமல் தவித்தார். சினம் கொள்ள அவருக்குள்ள உரிமையை ரோஜர்ஸ் பொறுமையோடு ஏற்றார். ஆயினும் இனவெறியின் பங்கை அவர் போதிய அளவு பற்றிக்கொண்டாரா என்பதைப் பிற்கால அறிஞர்கள் 2004இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில் விரிவாக வாதித்தனர். அவ்வாதம் நமக்கு மிகவும் உரியது. "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?" என்று ஓர் ஆற்றுப்படுத்துநர் சொல்லிவிட்டால், அதற்குப் பின் அவருடைய செவி எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை. சாதியைக் காண மறுப்பவர் நம் உலகத்தை நம் கண்கொண்டு காண முடியாது. அம்முறையை விட்டுவிடுவோம் என்று நாம் கூறவில்லை. அதன் ஒத்துணர்வை இம்மண்ணளவும் நீட்டச் சொல்கிறோம். நீதி வரும்வரை நம் பிள்ளை உயிரோடும் தன்மதிப்போடும் இருக்க வேண்டுமே! பேசக் கிடைத்த ஓரறையில் தன் சினம் நியாயமானது என்று உணர்ந்தவன், முறையீட்டு மனுவையும் நடுங்காமல் எழுதுவான்.

மற்றொன்றையும் கூறிவிட வேண்டும். எல்லா மனநோய்க்கும் பேச்சொன்றே மருந்தாகாது. ரோஜர்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தில் கடுமையான மனச்சிதைவு நோயாளரிடம் தம் முறையைப் பல்லாண்டு சோதித்தும், எதிர்பார்த்த தெளிவான வெற்றி கிட்டவில்லை. இல்லாத குரல் கேட்டல், பல நாள் உறக்கமின்றிப் பிதற்றுதல் போன்றவை கண்டால் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். கோயிலில் கட்டிப்போடுவதும் மந்திரிப்பதும் காலத்தை வீணாக்கும்.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சாதி முதலிய எவ்வேறுபாடுமின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. உயர்கல்வி மாணவரின் மனநலம் குறித்து ஆராய, முன்னாள் நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் மற்றொரு வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் எனவும், விளிம்புநிலை மாணவரிடம் பழகும் முறையில் பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும் எனவும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். இருந்தால், அவர் அறைக்கதவு மூடக்கூடியதா என்றும் பாருங்கள்; அலுவலகத்தின் ஒரு மூலையில் நாற்காலி போட்டு அதற்குப் பெயர்ப்பலகை மாட்டிய இடங்களும் உண்டு.

கடைசியாக, மாணவர்களே, உங்களுக்கு. நீங்கள் எவரும் ஆற்றுப்படுத்துநர் ஆகிவிட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கியிருந்தால் முதலில் அறிபவர் நீங்கள்தான். அருகே அமருங்கள். அறிவுரை வாயில் வந்தால் விழுங்குங்கள். உயிரை விடும் எண்ணம் இருப்பதாக ஐயம் எழுந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது, கேட்டதால் மூச்சு வந்தது என்றே பலர் சொல்வர். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் அந்நேரத்தில் வாக்குக் கொடாதீர்கள். தனியே விடாமல், நம்பத்தக்க பெரியவர் ஒருவரை அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி-மனாஸ் எண்ணில் பகலிலும் இரவிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுவர். அவ்வெண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு நிமிடம் காத்திருக்கிறோம். அதன்பின் உங்கள் வினாக்களைக் கேட்போம்.